பீட்டர் மோலினியூவின் பெயரை எடைபோடும் முறை

நிறைவேற்ற முடியாததையும் வாக்களிப்பவர் என்று கேலி செய்யப்படும் பிரிட்டிஷ் வீடியோ கேம் வடிவமைப்பாளர் பீட்டர் மோலினியூ மீதான பொதுமதிப்பை எடைபோட விரும்புவோர், அவர் பேட்டிகளில் சொன்னவற்றை ஒரு பக்கமும், விற்பனைக்கு வந்த விளையாட்டுகளில் உண்மையில் இருந்தவற்றை மறுபக்கமும் எழுதிக்கொள்ள வேண்டும். ஆடுபவரையே கடவுளாக்கிய ‘பாப்புலஸ்’ 1989-இல் ஒரு புதிய வகைக்கே வழிவகுத்ததை முதலில் பதியுங்கள். கேலி செய்வோர் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். அடுத்தது 2004-இல் வந்த ‘ஃபேபிள்’. ஊன்றிய விதை நாளடைவில் மரமாகும் என்று அவர் சொன்னது அதில் இல்லை. ஆனால், விடுபட்ட அம்சங்களுக்காக அவரே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டதையும் அதே வரியில் குறியுங்கள். 2012-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதிதிரட்டும் இணையதளம் வழியாக ரசிகர்களிடம் 4,50,000 பவுண்டுக்கு மேல் திரட்டிய ‘காடஸ்’ வேறு கணக்கு: ஆர்வத்தில் மிகையாகப் பேசுவதும், முன்பணம் பெற்றபின் சொன்னவற்றுள் சிலவற்றைச் செய்யாமல் விடுவதும் ஒன்றல்ல.