கிராண்ட் கேன்யனில் ஹெலிகாப்டர் ஏறும் முன்

பெரும்பாலானவர்கள் சறுக்குவது டிக்கெட் எடுக்கும்போதே. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு 446 கிலோமீட்டர் நீளம். எந்தப் பக்கம் பறக்கப்போகிறோம் என்று பார்க்காமல் விலையை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடுகிறார்கள்.

லாஸ் வேகஸிலிருந்து கிளம்பும் ஹெலிகாப்டர்கள் பொதுவாகப் போவது வெஸ்ட் ரிம்முக்கு, அதாவது மேற்கு விளிம்புக்கு. அது ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம், தேசியப் பூங்காவில் சேராது. படங்களில் பார்த்துப் பழகிய, அடுக்கடுக்காக விரியும் அகலமான காட்சி வேண்டுமென்றால் சவுத் ரிம் என்ற தெற்கு விளிம்புக்குப் போக வேண்டும். அங்கே ஹெலிகாப்டர் கிளம்பும் டுசாயன், வேகஸிலிருந்து காரில் நாலரை மணி நேரம்.

சரி, எது நல்லது? பள்ளத்தாக்கின் அடியில் இறங்கி நிற்க ஆசையென்றால் வெஸ்ட்தான். சவுத் ரிம் பயணத்தில் ஹெலிகாப்டர் உள்ளே இறங்காது, விளிம்புக்குக் கீழேயும் போகாது. 1986-ல் ஒரு சுற்றுலா விமானமும் ஹெலிகாப்டரும் இங்கே வானில் மோதி 25 பேர் இறந்தார்கள். மறு வருடமே சட்டம் வந்தது. இப்போது குறித்த பாதையில், குறித்த உயரத்தில்தான் பறக்க முடியும். பைலட்டிடம் "இன்னும் கொஞ்சம் கீழே போகலாமா" என்று கேட்டுப் பயனில்லை.

டுசாயனில் அரை மணி நேரச் சுற்று மலிவு. ஆனால் அதில் கொஞ்ச நேரம் கைபாப் பைன் காட்டின் மேலேயே போய்விடும். மரங்கள் சட்டென்று முடிந்து காலடியில் தரையே இல்லாமல் போகும் அந்தக் கணம் அபாரம்தான், ஆனாலும் அதைத் தாண்டி நிதானமாகப் பார்க்க முக்கால் மணி நேரச் சுற்றே சரி. கையில் காசு இருந்தால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

எடையைக் குறைத்துச் சொல்வது இன்னொரு வேடிக்கை. கவுன்டரில் எப்படியும் எடை பார்ப்பார்கள். ஹெலிகாப்டரின் சமநிலையைக் கணக்கிட்டுத்தான் யாருக்கு எந்த சீட் என்று முடிவாகும். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவதும் குடும்பமாக ஒட்டி உட்கார அடம்பிடிப்பதும் நடக்காது.

வெள்ளைச் சட்டை வேண்டாம். கண்ணாடியில் பிரதிபலித்து, எடுக்கும் படத்திலெல்லாம் உங்கள் சட்டைதான் தெரியும். கருப்போ கருநீலமோ போட்டுக்கொள்ளுங்கள். தொப்பி, துப்பட்டா மாதிரிப் பறக்கக்கூடிய எதையும் ரோட்டர் (சுழலும் இறக்கை) பக்கம் கொண்டுபோகக் கூடாது. தலைசுற்றல் உள்ளவர்கள் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், ஏறிய பிறகு அல்ல.

கோடை மதியம் வெப்பக் காற்றில் குலுக்கல் அதிகம். ஜூலை முதல் செப்டம்பர் பாதிவரை பிற்பகலில் இடிமழையும் வரும். காலை நேரத்தையே எடுங்கள். பயணத் திட்டத்தின் கடைசி நாளில் வைக்காதீர்கள், வானிலையால் ரத்தானால் மறுநாள் என்று ஒன்று இருக்காது.

அப்புறம், கடிகாரம். டுசாயன் இருக்கும் அரிசோனாவில் கோடைக்காக நேரத்தை மாற்றுவதில்லை, பக்கத்து மாநிலமான நெவாடாவிலுள்ள வேகஸில் மாற்றுவார்கள். அதனால் கோடையில் வேகஸும் டுசாயனும் ஒரே நேரம், குளிர்காலத்தில் டுசாயன் ஒரு மணி நேரம் முந்தி ஓடும். டிசம்பரில் வேகஸ் நேரத்தைக் கணக்கிட்டுக் காரை எடுத்தால், நீங்கள் போய்ச் சேரும்போது உங்கள் ஹெலிகாப்டர் பறந்து திரும்பியிருக்கும்.