குழந்தைக்குப் பயணப் பெட்டி வாங்கும்போது நாம் செய்கிற தவறுகள்

கானாடுகாத்தானில் என் மாமியார் வீட்டுக்குள் நுழைய, தெருவிலிருந்து நான்கு படி ஏற வேண்டும். பிறகு திண்ணை. அதையும் தாண்டினால், ஐந்து வயதுக் குழந்தையின் முழங்கால் உயரத்துக்கு ஒரு நிலைப்படி. உள்ளே ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. அதில் எந்தப் பெட்டியும் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் அந்தத் தரைக்கு வந்து சேர்வதற்குள் அது ரயில் படியில் இறங்கி, நடைமேடையில் இழுபட்டு, ஆட்டோவில் நசுங்கி, செம்மண்ணும் சரளையும் கிடக்கும் தெருவைக் கடந்திருக்கும்.

என் மகளின் முதல் பெட்டி அந்த நிலைப்படியோடு முடிந்தது. மஞ்சள் நிறம், முன்பக்கம் கரடி முகம், நான்கு சக்கரம். கடையில் அவளே ஓட்டிப் பார்த்தாள், பம்பரமாகச் சுற்றியது. செட்டிநாடு ஸ்டேஷனில் இறங்கி வீடு போவதற்குள் ஒரு சக்கரத்தில் கல் சிக்கிவிட்டது. அவள் விடாமல் இழுத்தாள். நிலைப்படியில் ஏற்றும்போது சக்கரம் அடியோடு கையில் வந்தது. அப்பத்தாவிடம் காட்ட ஆசையாகக் கொண்டுவந்த பிள்ளை, வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகைக்குப் பிறகுதான் பெட்டி என்றால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கினேன். பை தைப்பவரிடம் கேட்டேன், சக்கரம் மாற்றிக் கொடுப்பவரிடம் கேட்டேன், சிங்கப்பூருக்கும் காரைக்குடிக்கும் ஓயாமல் போய்வரும் அக்காவிடமும் கேட்டேன். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, கடைத் தரையில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்வது. வழவழப்பான தரையில் எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டிதான். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாசலுக்குக் கொண்டுவந்து சிமென்ட் படியில் ஒரு தடவை ஏற்றி இறக்குங்கள். வெறும் பெட்டியாக வேண்டாம், கையில் இருக்கிற இரண்டு மூன்று பைகளை உள்ளே வைத்து இழுக்கச் சொல்லுங்கள். மறுக்கிற கடையில் நான் இப்போது வாங்குவதில்லை.

சக்கர விஷயத்தில் நம் ஊருக்கு என்று ஒரு கணக்கு உண்டு. நான்கு பக்கமும் சுழலும் சக்கரங்கள் விமான நிலையத்துக்குப் பொருத்தம்; குழந்தை பக்கத்தில் வைத்துத் தள்ளிக்கொண்டே வரலாம். ஆனால் அவை பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அடி வாங்குவதும் அவைதான். ஓடும் பஸ்ஸிலும் சரிவான பாதையிலும் பெட்டி தானாக உருண்டு போய்விடும். பின்பக்கம் இரண்டே சக்கரம், அதுவும் பாதி உள்ளே பதிந்த மாதிரி இருக்கும் வகை, குண்டும் குழியுமான தெருவில் நன்றாக ஓடும். நிறுத்தினால் நின்ற இடத்திலேயே நிற்கும். வருஷத்தில் பத்துப் பயணம் ரயிலும் பஸ்ஸும், ஒரே ஒரு பயணம் விமானம் என்றால், அந்தப் பத்துக்கு வாங்குங்கள். சக்கரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. அது ஆணியில் அறைந்ததா, திருகில் பொருத்தியதா என்றும் திருப்பிப் பாருங்கள். திருகு என்றால் மாற்றிக்கொள்ளலாம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, போனவர்கள் வாழ்ந்த ஊர்ப் பக்கம் இது. அந்தக் கடைகளில் பழைய டிரங்குப் பெட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் நான் நின்றுவிடுவேன். ஒன்றிலும் சக்கரம் கிடையாது. சூட்கேசில் சக்கரம் வைத்து பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்றதே 1972-இல்தான். நிமிர்த்தி வைத்து நீள் கைப்பிடியால் இழுக்கிற இன்றைய வடிவத்தை ராபர்ட் பிளாத் என்ற விமானி 1987-இல் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் எல்லாம் தோளிலும் தலையிலும் போனவை. அந்த டிரங்குகளில் தகடு நசுங்கியிருக்கும், சாயம் போயிருக்கும். ஆனால் மூலைகளில் அடித்த இரும்பு அப்படியே இருக்கும், கீல் அசையாது, கைப்பிடி ஆடாது. பெட்டி எங்கே உடையும் என்பது அதைச் செய்தவருக்குத் தெரிந்திருக்கிறது. நாமோ நடுவில் இருக்கிற படத்தைப் பார்க்கிறோம். பெட்டி நடுவில் உடைவது அபூர்வம். மூலை, கீல், கைப்பிடி பொருந்தும் இடம், சக்கரம் பொருந்தும் இடம், இந்த நான்கில்தான் அதன் ஆயுள் இருக்கிறது.

அடுத்தது, கெட்டியாக இருந்தால் உறுதி என்று நம்புவது. தட்டிப் பார்த்து “டங்” என்று சத்தம் வந்தால் திருப்தி அடைகிறோம். குழந்தைகளுக்கான மலிவான பெட்டிகளில் பெரும்பாலானவை ஏபிஎஸ் பிளாஸ்டிக். அது விறைப்பானது, மூலையில் பலமாக அடிபட்டால் விரிசல் விடும். பாலிகார்பனேட் வளைந்து கொடுத்துத் திரும்பும். பாலிபுரொப்பிலீன் எடை குறைவு, அடியும் தாங்கும். சோதிப்பது எளிது: காலிப் பெட்டியின் நடுவில் உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். உள்வாங்கிப் பழையபடி எழும்பினால் நல்லது. அழுத்திய இடத்தில் வெள்ளையாகக் கோடு விழுந்தால் வைத்துவிடுங்கள். பெட்டியில் தொங்கும் விலைச் சீட்டில் இவற்றில் இரண்டின் பெயர் சேர்ந்து இருந்தால் எது எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஜிப் பற்றிச் சொன்னால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சுருள் பல் வைத்த சாதாரண ஜிப்பில் பால்பாயிண்ட் பேனா முனையைக் குத்தித் திறந்துவிடலாம். பிறகு ரன்னரை ஒரு தடவை ஓட்டினால் திறந்த தடயமே இருக்காது. பூட்டு அப்படியே தொங்கும். இரண்டு அடுக்காக வரும் ஜிப் இதற்குக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். குழந்தையின் பெட்டியில் திருட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஊருக்குப் போகும்போது பிள்ளையின் கொலுசும் சங்கிலியும் பல வீடுகளில் அந்தச் சின்னப் பெட்டியில்தான் போகிறது, “யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்” என்று. தயவுசெய்து வேண்டாம். நகை உங்கள் உடம்போடு இருக்கட்டும்.

ஜிப்பைக் குழந்தையே திறந்து மூடுகிறதா என்றும் பாருங்கள். ரன்னரில் சின்ன விரல் நுழைகிற மாதிரி ஒரு வளையம் வேண்டும். இல்லையென்றால் பை தைப்பவரிடம் கொடுத்துக் கண்டாங்கிச் சேலைக் கரைத் துண்டை முடிச்சாகக் கட்டச் சொல்லலாம். பெட்டிகள் குவிந்து கிடக்கும்போது அடையாளத்துக்கும் ஆகும்.

எடைக்கு வருவோம், நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். பள்ளிப் பை குழந்தையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கை 2020-இல் சொன்னது. பயணத்தில் முதுகில் மாட்டும் பைக்கும் அதே கணக்கை வைத்துக்கொள்ளலாம். 20 கிலோ உள்ள பிள்ளைக்கு 2 கிலோ. அதற்குள் பையின் எடையும் அடக்கம். ஒரு தண்ணீர் பாட்டிலை நிரப்பினாலே முக்கால் கிலோ போய்விடும். அதனால் முதுகுப்பை காலியாக இருக்கும்போது அரைக் கிலோவுக்குக் கீழே இருக்க வேண்டும். தோள்பட்டை அகலமாக, பஞ்சு வைத்து, பையோடு சேரும் இடத்தில் பெருக்கல் குறி போலத் தைத்திருக்க வேண்டும். உள்ளே திருப்பிப் பாருங்கள்: தையல் ஓரம் நாடா வைத்து மூடியிருந்தால் பல வருஷம் வரும், நூல் பிசிறிக்கொண்டிருந்தால் அடுத்த பிள்ளையார் நோன்புக்குள் பிரிந்துவிடும்.

இழுக்கும் பெட்டியென்றால் கைப்பிடி உயரம். பெரியவர்கள் இழுத்துப் பார்த்து வாங்குவது இங்கே நடக்கிற தவறு. குழந்தையை நிற்க வைத்து, கையை லேசாக மடக்கினால் கைப்பிடி அங்கே வர வேண்டும். குட்டையாக இருந்தால் ஒவ்வோர் அடிக்கும் பெட்டி குதிகாலில் இடிக்கும். பத்து நிமிஷத்தில் “அம்மா, நீ எடுத்துக்கோ” என்று வந்து நிற்கும். அது சோம்பல் இல்லை, வலி. இரண்டு மூன்று நிலைகளில் நிற்கும் கைப்பிடி என்றால் பிள்ளை வளர வளர உதவும்.

விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்குப் பக்கம் மதுரையும் திருச்சியும். உள்நாட்டு விமானங்களில் கையோடு கொண்டுபோகும் பெட்டிக்குப் பொதுவாக 7 கிலோ வரம்பு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 சென்டிமீட்டர். சக்கரமும் கைப்பிடியும் இந்த அளவுக்குள் வர வேண்டும். பெட்டியின் விலைச் சீட்டில் போட்டிருக்கும் அங்குலக் கணக்கில் பல நேரம் சக்கரம் சேர்ந்திருக்காது. வீட்டு டேப்பால் அளந்துவிடுங்கள். விரிகிற ஜிப் வைத்த பெட்டியை ஊரிலிருந்து திரும்பும்போது விரித்தால் அளவு தாண்டிவிடும். அப்பத்தா கொடுக்கிற சீப்புச் சீடை, மாவுருண்டை டப்பாக்களுக்கு முதலிலேயே தனிப் பை வைத்துக்கொள்வது நல்லது. மடியில் வரும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை இல்லாததால் பை வரம்பும் வேறு. டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க் எப்போதும் கையோடுதான் வர வேண்டும், பெரிய பெட்டிக்குள் போகக் கூடாது. பேட்டரி பொருத்திய பெட்டி வாங்கினால் அந்த பேட்டரி கழன்று வருகிறதா என்று பாருங்கள்.

ரயிலில் எடை பெரிய பிரச்சினை இல்லை. ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் ஆளுக்கு 40 கிலோ இலவசம், 5 முதல் 12 வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு அதில் பாதி. அங்கே பிரச்சினை இடம். குடும்பத்துக்கே ஒன்றாக ஒரு பிரம்மாண்டப் பெட்டி வாங்குகிறவர்கள் அதை பெர்த்துக்கு அடியில் நுழைக்க முடியாமல் நடைபாதையில் வைத்துவிட்டு ராத்திரி முழுக்கக் காவல் காக்கிறார்கள். இடுப்பில் ஒரு பிள்ளையோடு 25 கிலோவை ரயில் படியில் இறக்குவது யார்? இரண்டு நடுத்தரப் பெட்டியாக வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் எல்லாருக்கும் ஒரு மாற்றுடுப்பு இருக்கட்டும். ஒன்று தாமதமாக வந்தாலும் பிள்ளை ஈர உடுப்போடு நிற்க வேண்டாம்.

சரி, குழந்தைக்குப் பிடித்ததாக இருக்க வேண்டாமா? கட்டாயம் இருக்க வேண்டும். தனக்கென்று ஒரு பெட்டி இருக்கிற பிள்ளை பயணத்தில் பொறுப்பாக நடந்துகொள்வதை நான் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் நான்கு வயதில் உயிரான கார்ட்டூன் ஏழு வயதில் “பாப்பா பெட்டி” ஆகிவிடும். உறுதியான பெட்டி ஐந்தாறு வருஷம் உழைக்கும். அதன் மேல் இருக்கும் முகம் இரண்டு வருஷம்கூடத் தாங்காது. அதனால் நிறத்தை மட்டும் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும், படம் வேண்டாம். மஞ்சளோ கத்திரிப்பூ நிறமோ, அவர்கள் விருப்பம். ஒட்டுப் படங்களை வாங்கிக் கொடுத்து ஒவ்வோர் ஊருக்கும் ஒன்று ஒட்டச் சொல்லுங்கள். என் மகன் அவனுடைய நீலப் பெட்டியில் ஆத்தங்குடிக் கல்லில் இருக்கிற பூவைப் பார்த்துப் பார்த்து வரைந்து வைத்திருக்கிறான். ஒன்பது வயதிலும் அது அவன் பெட்டிதான்.

உட்கார்ந்து ஓட்டும் பெட்டிகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ராப் லா என்பவர் 2006-இல் பிரிட்டனில் கொண்டுவந்த ட்ரங்கி அந்த வகையில் பெயர் பெற்றது. விமான நிலையத்தில் நீண்ட நேரம் காத்திருக்கும்போது மூன்று முதல் ஆறு வயது வரை அது நல்ல துணை. ஆனால் கொள்ளளவு 18 லிட்டர்தான்; இரண்டு நாள் உடுப்பும் ஒரு பொம்மையும் வைத்தால் நிறைந்துவிடும். ரயில் நடைமேடையில் அதில் குழந்தையை உட்கார வைக்கவே கூடாது. தண்டவாளப் பக்கம் ஒரு சின்னச் சரிவு போதும். எஸ்கலேட்டரிலும் அப்படித்தான்.

பிள்ளையின் பெயரைப் பெட்டியின் மேல் பெரிதாக எழுதி வைப்பதும் எனக்குச் சம்மதமில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரைத் தெரிந்தவர் என்றுதான் சின்னக் குழந்தை நினைக்கும். பெற்றோர் போன் நம்பரை உள்மூடியில் எழுதி ஒட்டுங்கள், வெளியே மடக்கி மூடும் சீட்டில் நம்பர் மட்டும் போதும்.

கடைசியாக, பெட்டி பயணத்தில் கெடுவதைவிட வீட்டில் கெடுவது அதிகம். பாலியூரித்தேன் பூசிய பைகளை பிளாஸ்டிக் கவரில் இறுகக் கட்டிப் பரணில் போட்டால் வெக்கையிலும் ஈரத்திலும் அந்தப் பூச்சு பிசுபிசுத்து உதிரும். இரண்டு வருஷம் தொடாத பை புதிதாக இருக்கும் என்று எடுத்தால் கையெல்லாம் ஒட்டும். ஊரிலிருந்து வந்த அன்றே சக்கரத்துச் செம்மண்ணைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டு, அச்சில் சுற்றிய முடியையும் நூலையும் வெட்டி எடுங்கள். உள்ளே ஈரத்துணியால் துடைத்து, ஒரு நாள் நிழலில் திறந்து வையுங்கள். அப்புறம் பெரிய பெட்டிக்குள் சின்னதை வைத்து, ஜிப்பைக் கொஞ்சம் திறந்தபடியே பழைய வேட்டியால் போர்த்தி வைத்தால் போதும்.