ஜப்பானின் புறநகர் மருத்துவமனைக்குச் செல்லும் முன்

கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஜப்பானுக்கு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள், அங்கே நோய் வந்தால் மொழி தெரியாமல் என்ன செய்வது என்றுதான் முதலில் கலங்குகிறார்கள். மொழியை விட முக்கியமாக அவர்கள் அறிந்துகொள்ள வேண்டியது, எங்கே முதலில் போவது என்பதே. எல்லை தாண்டிக் கோயம்புத்தூரின் பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போய் ஓ.பி. சீட்டு வாங்கும் நம் வழக்கம் அங்கே உதவாது.

வீட்டுக்கு அருகிலுள்ள சிறு கிளினிக்கில் தொடங்குங்கள். தேவையென்றால் அந்த மருத்துவரே 'ஷோகைஜோ' எனப்படும் பரிந்துரைக் கடிதம் தருவார். அவசர நிலையிலன்றி அக்கடிதம் இல்லாமல் முதன்முறையாகப் பெரிய மருத்துவமனைக்குச் சென்றால், பல இடங்களில் குறைந்தது 7,000 யென் கூடுதலாகக் கட்ட நேரிடும். 2022 செப்டம்பர் வரை 5,000 யென்னாக இருந்த இந்தத் தொகை முழுவதும் நம் கையிலிருந்தே போகும். பெரிய மருத்துவமனைகளில் புதிய நோயாளிகளின் பதிவு பெரும்பாலும் முற்பகலிலேயே முடிந்துவிடுவதால், காலையிலேயே சென்றுவிடுவது நல்லது.

மூன்று மாதங்களுக்கு மேல் தங்குவோர் நிறுவனத்தின் காப்பீட்டிலோ தேசிய நலக் காப்பீட்டிலோ சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்தவர்கள் பொதுவாகச் செலவில் 30 விழுக்காடு மட்டும் கட்டினால் போதும். 2024 டிசம்பர் 2 முதல் பழைய காப்பீட்டு அட்டைகள் புதிதாக வழங்கப்படுவதில்லை. ஆகவே காப்பீட்டுக்குப் பதிவு செய்த 'மை நம்பர்' என்ற அரசு அடையாள அட்டையையோ, அது இல்லாதவர்களுக்குத் தரப்படும் தகுதிச் சான்றையோ கையில் வைத்திருங்கள்.

பதிவு முடிந்ததும் 'மோன்ஷின்ஹ்யோ' என்ற கேள்வித்தாளைத் தருவார்கள். மருத்துவர் நம்மைப் பார்க்கும் முன் படிப்பது இதைத்தான் என்பதால், இதற்கு வீட்டிலேயே பொறுமையாகத் தயாராவது நோயாளி தனக்குச் செய்துகொள்ளும் பேருதவி. கனகாவா பன்னாட்டு அறக்கட்டளை பங்கேற்று உருவாக்கிய பன்மொழிக் கேள்வித்தாள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் தமிழும் இருப்பது நமக்குப் பெரிய ஆறுதல். நோய் எப்போது தொடங்கியது, எங்கே வலிக்கிறது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பவற்றை அதில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். காய்ச்சலைச் செல்சியஸில் சொல்ல வேண்டும்: நம் வீட்டுத் தெர்மாமீட்டர் காட்டும் 101, அங்கே 38.3. ஊரிலிருந்து கொண்டுபோன மாத்திரைகளுக்குக் விற்பனைப் பெயரை எழுதாமல் உள்ளிருக்கும் மருந்தின் பெயரையே எழுதுங்கள். டோலோ என்றால் அங்கே விளங்காது, பாராசிட்டமாலையும் அவர்கள் அசிட்டமினோஃபென் என்றே அறிவார்கள்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி போன்றவற்றுக்கு இந்த ஒழுங்கெல்லாம் பார்க்காமல் உடனே 119 எண்ணை அழையுங்கள். ஆம்புலன்சுக்குக் கட்டணம் கிடையாது.

மருந்தைப் பெரும்பாலும் வெளியிலுள்ள மருந்தகத்தில்தான் வாங்க வேண்டும். மருந்துச் சீட்டு எழுதிய நாளையும் சேர்த்து நான்கு நாட்களே செல்லும். விடுமுறை குறுக்கிட்டாலும் கணக்கு நிற்காது என்பதால் அன்றே வாங்கிவிடுங்கள். மருந்தகத்தில் தரும் 'ஒகுசுரி தேச்சோ' என்ற சிறு குறிப்பேட்டில் வாங்கிய மருந்துகள் எல்லாம் பதிவாகும். அடுத்த முறை எந்த மருத்துவரிடம் சென்றாலும் அதைத் தவறாமல் காட்டுங்கள்.