பிரதேச சபையின் செலவை மதிப்பிடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒதுக்கப்பட்ட பணத்தில் எத்தனை வீதம் செலவானது என்பதை வைத்தே ஒரு பிரதேச சபையின், அதாவது கிராமப்புற உள்ளூராட்சி மன்றத்தின், திறமையை அளப்பது வட இலங்கையின் வன்னியில் வழக்கமாகிவிட்டது, பெருந்தவறும் அதுவே. நிதியாண்டு டிசெம்பர் 31இல் முடிகிறது. வன்னியின் பெருமழையோ ஒக்டோபரில் தொடங்கிவிடும். மேலிருந்து வரவேண்டிய நிதி ஆண்டின் பிற்பகுதியில் வந்து சேர்ந்தால், திறைசேரிக்குத் திரும்பிவிடுமே என்ற அவசரத்தில் கார்த்திகை மழைக்குள் ஒழுங்கையில் கிரவல் பறித்துப் பரவுகிறார்கள். மதகும் வடிகாலும் இல்லாத அந்த ஒழுங்கையிலிருந்து கிரவல் மார்கழி வெள்ளத்தோடு வயலுக்குள் இறங்கிவிடும். கணக்கில் நூறு வீதச் செலவு. தைப்பொங்கலுக்கு மாட்டுவண்டியும் போகமுடியாது. எவ்வளவு செலவானது என்பதோடு, எந்த மாதத்தில் செலவானது, அடுத்த மாரிக்கு வேலை தாங்கியதா என்றும் பார்க்க வேண்டும்.

அதிகாரம் கிடைத்தால் வருமானமும் தானே வரும் என்று எண்ணுவதும் பிழை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் ஆதனவரி, உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை போன்றவற்றை அறவிட இடமளிக்கிறது. காணி கைமாறும்போது அறவிடப்படும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாண சபை வழியாக வருகின்றன. ஆனால் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த, விருப்பம்போல் விற்கமுடியாத காணிகள் மிகுந்த குடியேற்றங்களில் முத்திரைத் தீர்வை எங்கிருந்து பெருகும்? இப்படிப்பட்ட சபை மானியத்தையே நம்பியிருக்கும். மானியத்தின் நிபந்தனைகளே அங்கு வேலைகளைத் தெரிவு செய்துவிடும். தம் கையால் வரி கட்டிய மக்கள் கேட்கும் கேள்வியின் அழுத்தமும் குறைந்துவிடுகிறது. இதுவே எனக்குக் கூடுதல் கவலை தருவது.

முல்லைத்தீவுச் சபைகளின் தலைக்குரிய செலவை யாழ்ப்பாணத்துச் சபைகளோடு ஒப்பிட்டு வீண்செலவு என்று முடிவு கட்டுவதும் நியாயமாகாது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 2,600 சதுர கிலோமீற்றர் பரந்த முல்லைத்தீவு மாவட்டத்தில் ஏறத்தாழ 92,000 பேரே இருந்தனர். அதன் பாதிப் பரப்பும் இல்லாத யாழ்ப்பாண மாவட்டத்தில் 5,80,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர். காட்டையும் குளத்தையும் தாண்டிச் சிதறிக்கிடக்கும் வீடுகளுக்கு வீதியும் தெருவிளக்கும் கொடுக்கக் கூடுதலாகவே செலவாகும்.

பிரதேச சபையையும் பிரதேச செயலகத்தையும் ஒன்றென நினைத்து முறையிடுவோரும் பலர். செயலகம் மத்திய அரசின் நிர்வாகம். ஏ-9 வீதியோ வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. சபையின் ஒழுங்கைதான் என்று தெரிந்தபின், 2016இன் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வேலையின் மதிப்பீட்டையும் பணம் கிடைத்த திகதியையும் முடிவுற்ற திகதியையும் எழுத்தில் கேட்கலாம்.