வீட்டுத் தொட்டியில் காவிரி: எங்கெல்லாம் சறுக்குகிறோம்

ஆற்று மீன் தொட்டி வைக்க ஆசைப்படும் டெல்டாக்காரர்கள் பெரும்பாலும் முதலில் வாங்கி வருவது உருண்டைக் கூழாங்கல். கூடவே தண்ணீரைச் சுழற்றியடிக்க ஒரு மோட்டார். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது ஒகேனக்கல். கல்லணை தாண்டிய காவிரி மணலாறு. குடமுருட்டி, அரசலாறு, வெண்ணாறு என்று பிரிந்து நிதானமாகப் போகிற தண்ணீர். கரையில் நாணல், நீருக்குள் தொங்கும் வேர், அடியில் மக்கிய சருகு. ஆற்றின் எந்த இடத்தை வைக்கப்போகிறோம் என்று முடிவு செய்யாமல் வாங்கிக் குவிப்பதில்தான் மற்ற தவறுகளும் தொடங்குகின்றன. மிஸ் கேரளா மீன் மேற்குத் தொடர்ச்சி மலையின் குளிர்ந்த ஓடைக்காரன். மே மாதத் தஞ்சாவூரில் அது படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது.

அயிரை வைப்பதாக இருந்தால் கலர் கல் வேண்டவே வேண்டாம். பயந்தால் அது சரேலென்று மணலுக்குள் புகுந்து கண்ணை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தின்னும்போது வாய் நிறைய மணலை அள்ளி, இரையை வடிகட்டிக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியாக உதிர்க்கும். கூரான கல்லில் அதன் மீசையும் வயிறும் புண்ணாகிவிடும். மணலுக்காக ஆற்றில் இறங்க வேண்டியதில்லை. வீடு கட்டும் இடத்தில் ஒரு வாளி கேட்டு வாங்கி, சலித்து, தண்ணீர் தெளியும்வரை அலசினால் சரி. நாகை, தரங்கம்பாடிப் பக்கத்துக் கடல் மணலில் சிப்பித்தூள் இருக்கும், தண்ணீர் கடினமாகிக்கொண்டே போகும். சந்தேகமாக இருந்தால் ஒரு பிடி மணலில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அந்த மணல் வேண்டாம். இரண்டு அங்குல உயரம் போதும். அதற்கு மேல் கொட்டினால் அடிமணல் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும்.

ஆடிப்பெருக்குக்குப் போன கையோடு புதுத்தண்ணீரைக் கேனில் பிடித்துவந்து தொட்டியில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதிலுள்ள வண்டல் ஃபில்டரை அடைத்துவிடும். வாய்க்கால் தண்ணீர் இன்னும் மோசம், எந்த வயலில் எப்போது மருந்தடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? வாய்க்காலில் பிடுங்கிய வேலம்பாசியையும் ஒரு வாரம் தனி வாளியில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி அலசிய பிறகே போடுங்கள். நத்தை முட்டையும் தும்பிப் புழுவும் அதில் ஒட்டிக்கொண்டு வரும். மீன்குஞ்சைப் பிடித்துத் தின்பதில் தும்பிப் புழு கில்லாடி.

தொட்டி நிரம்பிய அன்றே மீன் விடுவதுதான் அதிகம் நடக்கிற தவறு. மீன் கழிவிலிருந்து வரும், மீனுக்கே நஞ்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்துவிட்டதே என்று அவசரப்பட்டால் ஒரே வாரத்தில் கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளக்கும். நண்பர் வீட்டில் ஏற்கெனவே மீன் வளரும் தொட்டியின் ஃபில்டரிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் வேலை சீக்கிரம் முடியும். அப்புறம், ஸ்பாஞ்சைக் குழாயடியில் அலசாதீர்கள். குளோரின் அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தண்ணீர் மாற்றும்போது வெளியே எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்தால் போதும்.

மழைக்காலத்தில் குளத்தோரம் செம்மஞ்சள் நிறத்தில் கொசகொசவென்று ஒரு குஞ்சுக் கூட்டம் மிதக்கும், அடியில் தாய்தகப்பன் காவல் நிற்கும். விரால் குஞ்சு! அழகில் மயங்கி நாலைந்தை அள்ளிவந்தால், நிறம் போய் உடம்பு நீண்டதும் தொட்டியிலுள்ள அயிரையும் கெண்டையும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். மூடி இல்லையென்றால் விராலும் ஒரு நாள் கூடத்துத் தரையில் கிடக்கும்.

ஹீட்டர் நமக்குத் தேவையில்லை. சூடுதான் பிரச்சினை: 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் ஏழரைதான். ஐஸ் கட்டி போடுவது திடீர் அதிர்ச்சி. நீர்மட்டத்தின் மேல் படும்படி ஒரு சின்ன ஃபேனைத் திருப்பி வைத்தால் இரண்டு டிகிரியாவது இறங்கும். ஆவியாகிற அளவுக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பாசி தின்னும் என்று கடையில் தலையில் கட்டும் சக்கர் மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது, ஒரு அடிக்கு மேல் வளரும். இடம் போதாமல் போனால் அதை வாய்க்காலிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். அங்கே பெருகி நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். வாங்கிய கடையிலேயே திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள்.