ஈஜிஆர் கூலருக்குத் தண்ணீர் லைன் போடும்போது

மேலூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலை ஜெனரேட்டருக்குப் புகை நச்சைக் குறைக்கும் ஈஜிஆர் கிட் மாட்டினேன். புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பிவிடுவது அது; அந்தப் புகையைத் தண்ணீரால் ஆற்றும் பகுதிதான் கூலர். இருபதே நாளில் ரேடியேட்டரில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லை. ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை. "கேஜ் 85லயே நிக்குதேண்ணே" என்றார் ஆபரேட்டர் தம்பி. கழற்றினால் ஈஜிஆர் கூலருக்குள் குழாயே வெடித்திருந்தது.

தப்பு என் லைனில்தான். கூலர் உச்சியிலிருந்து காற்று போகிற ஹோஸை ஒரு பிராக்கெட்டுக்கு அடியில் இறக்கி மறுபடி மேலே ஏற்றியிருந்தேன். காற்று கூலருக்குள்ளேயே தங்கிவிட்டது. சைலன்ஸர் பக்கமிருந்து வரும் புகை முழு லோடில் 500 டிகிரியைக்கூடத் தொடும். அதைத் தணித்து எஞ்சினுக்குள் திருப்பிவிட்டால்தான் எரியும் சூடு இறங்கி நாக்ஸ் என்கிற நைட்ரஜன் ஆக்சைடு நச்சு வாயு குறையும். தண்ணீர் தொடாத இடத்தில் உலோகம் என்ன பாடுபடும்! கேஜ் சென்சாரோ ஹெட்டில் இருக்கிறது, அதற்கு இது தெரியாது.

இப்போது இப்படித்தான் செய்கிறேன். தண்ணீரை பம்ப் அழுத்தம் இருக்கிற பிளாக் பக்கம் எடுத்து, பம்ப் உறிஞ்சும் பக்கமே திருப்பிவிடுவேன். எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டர் வழியை அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போதும் ஓட்டம் நிற்கக் கூடாது, அதனால் ரேடியேட்டர் மேல் ஹோஸில் சேர்ப்பதில்லை. கூலர் வாய் என்ன அளவோ அதே அளவு ஹோஸ், சின்னதாக்கக் கூடாது. கூலர் எக்ஸ்பான்ஷன் டேங்குக்குக் கீழே உட்கார வேண்டும். காற்று லைன் எங்கும் இறங்காமல் டேங்க் வரை ஏறிக்கொண்டே போக வேண்டும். டர்போ பக்கம் போகும் ஹோஸுக்கு வெப்ப உறை கட்டாயம்.

ரேடியேட்டருக்குக் கூடுதல் சூடு வரும், அதனால் முதலில் அதைக் கழுவிச் சுத்தம் செய்யுங்கள். நம்ம ஊர் போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். டீக்கடை பாய்லருக்குள் படியும் வெள்ளைப் பாறை கூலரின் மெல்லிய குழாய்க்குள்ளும் படியும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி.

எஞ்சின் ஆறியிருக்கும்போது, காற்று லைனை டேங்க் பக்கம் கழற்றி, அதன் நுனியை டேங்க் மட்டத்திலேயே பிடித்துக்கொண்டு மெதுவாக ஊற்றுங்கள். முதலில் குபுகுபுவென்று குமிழி வரும், அப்புறம் துப்பித் துப்பி வரும், கடைசியில் நூல் பிடித்தாற்போல ஓடும். அப்போது மாட்டுங்கள். ஒரு மணி நேரம் லோடில் ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, மட்டத்தைப் பார்த்து கிளாம்ப்களை மறுபடி இறுக்குங்கள்.