ஊட்டி உறைபனிக்குத் துருவத்து வழிகள்

டிசம்பர், ஜனவரியில் கீழேயிருந்து ஊட்டிக்கு வருகிறவர்கள் எவ்வளவு தடிப்பான ஜெர்கின் வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தடிப்பை விடுங்கள். எந்தத் துணியும் சூடு தராது, உடம்புச் சூட்டை வெளியே விடாமல் வைக்கும், அதுவும் மடிப்புகளுக்குள் அசையாமல் நிற்கிற காற்றால்தான். ஆர்க்டிக்கின் இனுயிட் மக்கள் கரிபூ மான் தோலில் இரண்டு அடுக்கு உடுத்துவார்கள், உள்சட்டையில் மயிர் உடம்புப் பக்கம், மேல்சட்டையில் வெளிப்பக்கம். நமக்கு பனியன், கம்பளி ஸ்வெட்டர், மேலே காற்று புகாத ஒன்று, எல்லாம் கொஞ்சம் தளர்வாக. தொட்டபெட்டாவில் ஏறும்போது வியர்க்கும் முன்னரே ஒன்றைக் கழற்றிவிடுங்கள், ஈர பனியனோடு உச்சியில் நின்றால் மேலே போட்டதெல்லாம் வீண்.

சாக்ஸ் ஒன்று போதும். பென்குயினுக்குக் காலுக்கு இறங்கும் சூடான ரத்தம் மேலே ஏறும் குளிர்ந்த ரத்தத்துக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறது, அதனால் பனிக்கட்டியில் நின்றே காலம் தள்ளுகிறது. நமக்கு அந்த அளவுக்கு வசதி கிடையாது, இரண்டு மூன்று சாக்ஸை ஷூவுக்குள் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்தான் மரத்துப்போகும்.

சரி, ராத்திரி. குளிர்ந்த காற்று கனமானது, பள்ளம் பார்த்து இறங்கும். தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல் வெளுத்துக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டுக்குள்ளும் அதே கதைதான், தரையில் படுக்காதீர்கள். பனியால் கட்டும் இக்லூ வீட்டில் படுக்கும் மேடை வாசலைவிட உயரத்தில் இருக்கும். நம் தோடர்களின் பழைய வீட்டிலும் தவழ்ந்து நுழைகிற சின்ன வாசல், உள்ளே உயர்ந்த திண்ணை. இரண்டு இடமும் எங்கேயோ இருக்க, யோசனை மட்டும் ஒன்றாக இருப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். ஆண் எம்பரர் பென்குயின்கள் முட்டையைக் காலில் வைத்துக்கொண்டு இரண்டு மாதத்துக்கு மேல் ஒன்றோடொன்று ஒட்டி, இடம் மாறி மாறி நிற்கும். நீங்களும் ஆளுக்கொரு அறை என்று பிரியாமல் சின்ன அறை ஒன்றில் சேர்ந்து படுங்கள்.

ஆனால் மூடிய அறைக்குள் கரி அடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். பார்பிக்யூ முடித்துவிட்டு மிச்சத் தணல் சூடாக இருக்கிறதே என்று உள்ளே தூக்கிவந்து, கதவைச் சாத்திப் படுத்தவர்கள் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள், இங்கேயும் கொடைக்கானலிலும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, இருமல்கூட வராது. உறைந்த நாட்டில் சீல் கொழுப்பு விளக்கு எரித்தவர்களே இக்லூ கூரையில் ஓட்டை விட்டார்கள்.

அப்புறம் செடிகள். வானம் தெளிந்து காற்று அசையாமல் இருக்கிற சாயங்காலம் பனி விழப்போகிறது என்று பொருள். தாவரவியல் பூங்காவில் மிலார் என்ற செடியைப் போட்டு மூடுவதைப் பார்த்திருப்பீர்கள், வீட்டில் பழைய சாக்கு போதும், தரை வரை இறங்கட்டும், மண்ணின் சூடு உள்ளேயே நிற்கும். விடிந்ததும் வெயில் படும் முன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுங்கள்.

வாசலில் படுக்கும் நாய்க்கும் ஒரு சாக்கு மடித்துப் போடுங்கள், தரையில் படாமல் ஒரு பலகை மேல். ஆர்க்டிக் நரியைப் போலவே அதுவும் சுருண்டு வாலால் மூக்கை மூடிக்கொள்ளும்.